சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் துஷ்யந்திக்கு முதலில் உறுத்தியது. காசு வாங்கிக்கொண்டு அறை விடுகிற வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்கா பஞ்சம் என்று கோபம்கூட வந்தது. கோலாலம்பூரிலிருந்து கொளுத்தும் வெயிலில் காரை ஓட்டி, செனாவாங்கில் நெரிசலில் மாட்டி, ரந்தாவைத் தாண்டி சுவா போகிற சாலையில் செம்பனைத் தோட்டத்துக்குள் திரும்பி, ஒருவழியாக வந்து இறங்கியிருக்கிறாள். பின் இருக்கையில் ஏழு வயது ஷாமினி வியர்வையில் நனைந்து, தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டு வாசற்படியில் ஒரு பெண் குனிந்து துடைப்பத்தால் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து இவர்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"எல்லாம் கெளம்பிட்டாங்கம்மா. லேட்டா வந்துட்டீங்களே."

"சொரி ஆன்ட்டி, செனாவாங்கில ஒரே ஜாம்."

"சரி, உள்ள போய்ப் பாத்துக்குங்க. நான் போய்த் தலைக்கு ஊத்திட்டு வந்துர்றேன் லா."

வாளியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்து வரிசை வீடுகளை நோக்கி நடந்தாள். அறையைக் காலி செய்துவிட்டுப் போன விருந்தாளிகளைத்தான் சொல்கிறாள் என்று துஷ்யந்தி எண்ணிக்கொண்டாள். ஆள் போனால் கழுவிவிடுவது வழக்கம்தானே.

தோட்டத்து மண்சாலையில் வரும்போதே ஒரு லாரிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளும் கூடாரக் கம்பிகளும் ஏற்றிய லாரி. யாருக்கோ கல்யாணம் முடிந்திருக்கிறது என்று மகளிடம் சொன்னாள். அதைத் தாண்டியதும் சாலை நெடுக மஞ்சள் சாமந்தியும் ரோஜா இதழ்களும் உதிர்ந்து கிடந்தன. ஷாமினி கார்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஆருக்கம்மா இந்தப் பூ?" என்று கேட்டாள். "உனக்குத்தான். நீ வாறாய் எண்டு போட்டிருக்கினம்," என்றாள் துஷ்யந்தி. பிள்ளை சிரித்தது. பூக்கள் இந்த வீட்டு வாசல்வரை விடாமல் வந்தன.

ஒரு காலத்தில் தோட்டத்து அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி குடியிருந்த வீடு அது. இடுப்புவரை செங்கல், அதற்குமேல் பலகை, தகரக் கூரை. தோட்டம் கைமாறியபோது கிராணி குடும்பமே அதை வாங்கிக்கொண்டு, பிறகு அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கியது. பள்ளி விடுமுறை என்பதால் கடற்கரை ஊரான போர்டிக்சனில் ஒரு ஹோட்டலிலும் இடமில்லை. போன வாரம் இணையத்தில் தேடியபோது இதுதான் அகப்பட்டது. போனில் பேசிய ஜீவானந்தன் என்பவர், "அம்மா வீட்டிலதான் நிப்பா, எல்லாம் அவவே பாத்துக்கொள்ளுவா" என்று சொல்லியிருந்தார்.

கூடத்தில் மேசை, அலமாரி எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரம் இன்னும் காயவில்லை. சாம்பிராணிப் புகையும், அதற்குமேல் ஓடிகொலோன் வாசமும், கழுவிய தரையிலிருந்து எழும்பும் வெக்கையும் சேர்ந்து நெஞ்சை அடைத்தன. நடுத்தரையில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. சனிக்கிழமை விளக்கு என்று நினைத்துக்கொண்டாள். விளக்குக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். சாயம் பூசிய கருத்த முடி, கண்ணாடி, இளம்பச்சையில் மடிப்புக் கலையாத பட்டுச்சேலை. இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருந்தார்.

மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. சன்னல் திரை படபடத்தது, சுவரில் நாள்காட்டித் தாள்கள் அடித்துக்கொண்டன, துஷ்யந்தியின் சால்வை தோளிலிருந்து நழுவியது. ஆனால் விளக்கின் சுடர் நிமிர்ந்தே நின்றது. அம்மையாரின் காதோரத்து முடியில் ஒன்றுகூட அசையவில்லை. துஷ்யந்தி அதைப் பார்த்தாள். ஆனால் பார்த்ததை யோசிக்கவில்லை. வெயில் அப்படி, களைப்பு அப்படி.

"பிள்ளை எத்தினை நாளைக்கு நிப்பா?" என்று அம்மையார் கேட்டார்.

"நாளைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டிடுவம் ஆன்ட்டி. இவளின்ர அப்பாட்டக் கொண்டுபோய் விட வேணும்."

அம்மையார் ஷாமினியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு சனம் வந்தது. எல்லாரும் போயிட்டினம். ஒருத்தரும் எனக்குச் சொல்லிக்கொண்டு போகேல்ல."

அந்தக் குரலில் அழுகை இல்லை. மனத்தாங்கல் இருந்தது. துஷ்யந்திக்குப் பாவமாகிவிட்டது. விடுமுறைக்கு வந்த சொந்தபந்தமாக இருக்கும், சாப்பிட்ட கையோடு காரேறிப் போயிருப்பார்கள், வயதானவரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியிருக்காது என்று நினைத்தாள்.

பக்கத்து அறைக் கதவில் சாவி தொங்கியது. இரண்டு கட்டில், சுவரில் ஒரு குட்டி விசிறி, ஏர்கோண்ட் இல்லை. தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று முறுக்கிக்கொண்டே இருந்தது. ஷாமினியை அணைத்தபடி படுத்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூடம். விசிறிச் சத்தம் கேட்டது. அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலிப் பிரம்பு முனகவில்லை, இருமல் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை. ஒரு மனுஷி இவ்வளவு நேரம் அசையாமல் இருப்பாளா என்று யோசித்தபடியே கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை.

கூடத்தில், நாற்காலிக்கு முன்னால் ஷாமினி நின்றுகொண்டிருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பள்ளியில் பாடம் கேட்பதுபோல. துஷ்யந்தி வந்ததும் திரும்பினாள்.

"அம்மா, ஆன்ட்டிக்குத் தனிய இருக்கப் பயமாம்."

அம்மையார் அதே இடத்தில், அதே மாதிரி இருந்தார். பாதங்கள் ஒட்டியே இருந்தன.

"நாங்கள் கடலுக்குப் போயிட்டு ராவைக்கு வந்திடுவம் ஆன்ட்டி," என்றாள் துஷ்யந்தி. பிறகு எப்போதும் செய்வதுபோல மகளின் தோளைத் தொட்டாள். "ஆன்ட்டிக்குச் சொல்லு, ஷாமினி."

இந்த விஷயத்தில் அவள் கண்டிப்பானவள். நீதிமன்றம் பிள்ளையை அதன் அப்பா திவாகரனிடம் கொடுத்து, இவளுக்கு ஒன்றுவிட்டு ஒரு வார இறுதியை மட்டும் விட்டுவைத்தபிறகு அவள் கையில் மிஞ்சியது இந்த ஒரு சொல்தான். ஞாயிறு மாலை திவாகரன் வீட்டு வாசலில் ஷாமினி, "போயிட்டு வாறன் அம்மா" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பாய் என்று கையாட்டக் கூடாது. ஒரேயொரு முறை அப்படிக் கையாட்டிவிட்டு ஓடினாள். அடுத்த முறை காய்ச்சல் என்று திவாகரன் அனுப்பவில்லை, ஒரு மாதம் பிள்ளையைப் பார்க்காமல் துஷ்யந்தி பைத்தியமாகித் திரிந்தாள். அதன்பின் ஒருநாளும் தவறவிட்டதில்லை. சொன்னால் வந்துவிடுகிறாள். சொன்ன பிள்ளை வராமல் இருந்ததே இல்லை.

"போயிட்டு வாறன் ஆன்ட்டி," என்றாள் ஷாமினி, கணீரென்று.

அம்மையார் சிரித்தார். வந்ததிலிருந்து முதல்முறையாக. "வா," என்றார். போயிட்டு வா என்று அவர் சொல்லவில்லை.

போர்டிக்சன் கடற்கரையில் கூட்டம் நெரிந்தது. சோளம் வாட்டும் புகை, மோட்டார் படகுகளின் இரைச்சல், தண்ணீரில் கத்தும் பிள்ளைகள். இந்தக் கடலுக்காக மூன்று மாதமாக நச்சரித்த ஷாமினி தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. பாயில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மரங்களுக்கு அப்பால் தோட்டத்துப் பக்கம் போகும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணிக்குள்ள இறங்கன் ஷாமினி."

"போவமா அம்மா? அவ பாத்துக்கொண்டிருப்பா."

"ராவைக்குத்தானே போகப்போறம்."

"வாறன் எண்டு சொன்னனான்."

அவள் தலையைத் தடவிக்கொடுக்கக் குனிந்த துஷ்யந்திக்கு ஓடிகொலோன் வாசம் வந்தது. அந்தக் கூடத்து வாசம். பிள்ளையின் முடியிலிருந்து, கழுத்திலிருந்து. அவள் உட்கார்ந்திருந்த விதமும் சரியில்லை. கால்களை நீட்டி, இரண்டு பாதங்களையும் ஒட்டி, கட்டைவிரலோடு கட்டைவிரல் சேர்த்து. துஷ்யந்தி சிரித்துக்கொண்டே அவற்றைப் பிரித்துவிட்டாள். கையை எடுத்ததும் அவை மெல்லப் போய்ச் சேர்ந்துகொண்டன.

அப்போது போன் அடித்தது. ஜீவானந்தன். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்த்தபடியே சில அடி தள்ளிப் போனாள்.

"மிஸ் துஷ்யந்தி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, வெரி சொரி. உங்கட புக்கிங் எனக்குச் சுத்தமா மறந்துபோச்சு. நேற்றுக் காலமை எங்கட அம்மா தவறிட்டா. இண்டைக்கு மத்தியானம்தான் எடுத்தது. இப்பதான் சிரம்பானில தகனம் முடிஞ்சுது. நீங்க வரேல்லத்தானே?"

"வந்தனாங்கள். சாமானெல்லாம் ரூமில கிடக்கு. வீட்டில ஒரு ஆன்ட்டி இருந்தவ."

"செல்லம்மாவோ? வீடு கழுவின பொம்பிளை?"

"இல்லை. அவ குளிக்கப் போயிட்டா. கூடத்தில, கதிரையில..."

"அங்க ஒருத்தரும் இல்லையே. எங்கட ஆக்கள் எல்லாம் ரந்தாவில தங்கச்சி வீட்டில." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "இளம்பச்சைப் பட்டுச் சீலையோ?"

துஷ்யந்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இணைப்பு அறுந்தது.

லாரியில் நாற்காலிகள். பூக்கள். தரையில் விளக்கு. கழுவிய வீடு. எடுத்துவிட்டால் வீட்டைக் கழுவுவார்கள், இது தெரியாதா அவளுக்கு? சாவீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்ளவும் மாட்டார்கள். எழுந்து, வாய் திறக்காமல், திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். அப்பா இறந்தபோது அவளே வாசலில் நின்று, வந்தவர்கள் எல்லாம் பேசாமல் படியிறங்கிப் போனதைப் பார்த்தவள். கையில் குழந்தையாக இருந்த ஷாமினியின் வாயைக்கூட அன்று பொத்தினாளே. அந்த வாயைத்தான் இன்று தோளைத் தொட்டுத் திறக்கச் சொன்னாள். ஐயோ, நான்தானே சொல்லச் சொன்னேன்.

திரும்பினாள்.

பாய் இருந்தது. பாயின் ஓரத்தில் ஷாமினியின் செருப்புகள், ஒன்றோடொன்று ஒட்டி. பிள்ளை இல்லை.

கூப்பிட்டாள். கத்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். சோளக்காரர் ஓடிவந்தார். உயிர்காக்கும் பணியாளர் ஒருவர் விசில் ஊதினார். "புவான், அனாக் பாக்காய் பாஜு வார்னா அப்பா?" என்று பிள்ளை போட்டிருந்த சட்டையின் நிறத்தை மலாயில் கேட்டார். மஞ்சள் என்றாள். மஞ்சள், மஞ்சள் என்று அந்தச் சொல் வாய்க்கு வாய் போனது. இளைஞர்கள் தண்ணீரில் பாய்ந்தார்கள். கைகோத்து வரிசையாக நின்று கால்களால் மணலைத் துழாவினார்கள். போலீஸ்காரர் அவள் போன் எண்ணை வாங்கிக்கொண்டு, இங்கேயே இருங்கள் என்றார். யாரோ ஒரு மலாய்ப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். அவள் ஒருத்திதான் சாலையைப் பார்த்தாள். அவர்களிடம் எதைச் சொல்வாள்? என் மகள் தண்ணீரில் கால்கூட நனைக்கவில்லை என்றால், பிறகு எங்கே போனாள் என்று கேட்பார்கள். வாக்குக் கொடுத்த இடத்துக்குப் போய்விட்டாள் என்றால் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்தப் பெண்ணின் கைகளை விலக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடினாள்.

விளக்கு வைக்கிற நேரமாகியிருந்தது. சுவாவைத் தாண்டியதும் சாலையில் வேறு வண்டி இல்லை. இரண்டு பக்கமும் செம்பனை, வரிசை வரிசையாக, ஒவ்வொரு வரிசையின் உள்ளேயும் இருட்டு. அவள் மனதுக்குள் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் சொன்னவள்தானே. எனக்கும் ஒவ்வொரு முறையும் சொன்னவள்தானே. யாருக்குச் சொன்னது பெரிது? மண்சாலையில் திரும்பினாள். மத்தியானத்திலிருந்து வெயிலில் கிடந்த பூக்கள் இந்நேரம் கருகியிருக்க வேண்டும். கார் விளக்கின் வெளிச்சத்தில் அவை புதிதாக இருந்தன.

வீடு பூட்டியிருந்தது. கதவில் பெரிய பூட்டு. உள்ளே வெளிச்சம்.

கதவைத் தட்டவில்லை. நேராகச் சன்னலுக்குப் போனாள். திரை விலகியிருந்தது. கம்பிகளைப் பிடித்து முகத்தை அழுத்திப் பார்த்தாள்.

பிரம்பு நாற்காலியில் ஷாமினி உட்கார்ந்திருந்தாள்.

மஞ்சள் சட்டை. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கால்கள் தரைக்கு எட்டவில்லை.

"ஷாமினி! அம்மா வந்திட்டன். இஞ்ச பாரம்மா."

பிள்ளை பார்க்கவில்லை.

பின்னால் டார்ச் வெளிச்சம் ஆடியது. தலைக்குக் குளித்து விரித்துவிட்ட முடியோடு, தோளில் துண்டோடு செல்லம்மா ஓடிவந்தாள். "யாரும்மா? இன்னேரத்துல என்னா சத்தம்?"

"திறவுங்கோ. என்ர பிள்ளை உள்ள நிக்குது. திறவுங்கோ ஆன்ட்டி!"

"உள்ள யாரும் இல்லையேம்மா. நான்தானே பூட்டுனேன்." ஆனாலும் இவள் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகச் சாவியை எடுத்தாள். பூட்டு திறந்தது. துஷ்யந்தி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. நாற்காலி காலியாக இருந்தது. பிரம்பைத் தடவினாள். காய்ந்திருந்தது. தரையைத் தடவினாள். ஒரு சொட்டு ஈரமில்லை. அறைக்கு ஓடினாள், சமையலறைக்கு, குளியலறைக்கு, கட்டிலுக்கு அடியில். அவர்களுடைய பைகள் மட்டும் வைத்த இடத்தில் இருந்தன.

வெளியே ஓடிவந்தாள். மறுபடி சன்னல்.

நாற்காலியில் ஷாமினி.

உள்ளே ஓடினாள். காலி. வெளியே வந்தாள். பிள்ளை. கதவு திறந்துதான் இருந்தது. இரண்டெட்டில் போய்த் தூக்கிவிடக்கூடிய தூரம். தூக்கத்தான் ஆளில்லை.

கம்பிகளைப் பிடித்தபடி சரிந்து மண்டியிட்டாள். "வா அம்மா. வீட்டுக்குப் போவம். அம்மாவுக்கும் சொன்னனிதானே. எத்தினை தரம் சொன்னனி."

செல்லம்மா மெல்ல வந்து அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். டார்ச் கீழே விழுந்தது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசாமல், திரும்பாமல், அப்படியே பின்னால் அடி வைத்து இருட்டுக்குள் போனாள்.

துஷ்யந்தியின் கையில் போன் அதிர்ந்தது. போர்டிக்சன் எண். கடற்கரையிலிருந்து கூப்பிடுகிறார்கள். எதையோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுக்காதவரை நல்லது. எடுக்கவே கூடாது.

உள்ளே ஷாமினி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். வாசலுக்கு வந்த அறியாத மனுஷியைப் பார்ப்பதுபோல, மரியாதையாகப் பார்த்தாள்.

"நான் வந்திட்டன்," என்றாள். "நீங்க போங்கோ."

போயிட்டு வாங்கோ என்று சொல்லவில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. தொங்கிய சின்னப் பாதங்களின் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக்கீற்று முடிச்சுப் போட்டிருந்தது. மேலே விசிறி முழு வேகத்தில் சுற்றியது. நாள்காட்டித் தாள்கள் அடித்துக்கொண்டன. பிள்ளையின் காதோரத்துச் சுருள்முடி அசையவில்லை.